தாளம் கேட்காத ஆம்ப்ளிஃபயர்

தம்பிகளா, ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறவர் கடைக்குள் கால் வைத்ததும், "எத்தனை வாட்ஸ் வேணும் சார்?" என்றுதான் நீங்கள் ஆரம்பிக்கிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். ஆனால் நான் கெட்டிக்காரன். சீக்கிரமே விட்டுவிட்டேன்.

ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காதவன் நான். புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு ஆள் கையை நீட்டினால் சுவரில் இடிக்கிற கடை. அதற்குள் உட்கார்ந்து நான் சோல்டர் வைத்த செட்டுகள் ஆரணியில் பாடின, பொன்னேரியில் பாடின. ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவர் மூன்று பஸ் மாறி வந்து வாங்கிக்கொண்டு போனார். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனிகளில் வேலை பார்த்த இன்ஜினியர்கள் சர்க்யூட் தாளை விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார்கள். நான் பெட்டியின் உறுமலைக் கேட்டே எந்த கன்டென்சர் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

வீட்டுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறவர் பெரும்பாலும் கையில் கொஞ்சம் காசோடும், மனதில் பெரிய ஆசையோடும் வருகிறார். கல்யாணப் பந்தலில் மைக்செட்டைக் கேட்டிருப்பார். அதே மாதிரி தன் வீடும் அதிர வேண்டும் என்று நினைப்பார். அவரிடம் கேட்க வேண்டியது வேறு. உட்காரும் அறை எவ்வளவு பெரிது, ஓட்டு வீடா மெத்தை வீடா, சாயங்காலத்தில் கரண்டு எவ்வளவு இறங்குகிறது, என்ன கேட்பார், யாரோடு கேட்பார். பத்தடி அறைக்கு நாலு வாட்ஸ் போதும். மிச்சக் காசை ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். இசைத்தட்டு ஓடாமல் வால்யூமை முழுக்கத் திருகி, பெட்டி எவ்வளவு உறுமுகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஓடின பிறகு டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைக்கச் சொல்லுங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் வேண்டாம். இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டே ஒருவர் குறைந்த விலைக்கு நல்ல செட் வாங்கிவிடலாம்.

ஆனால் அந்தக் காலத்தில் நான் இதையெல்லாம் வாடிக்கைக்காரரிடம் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு வித்தை இருந்தது. கடையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரே ஸ்பீக்கர், நடுவில் ஒரு சுவிட்ச். தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படித் தள்ளினால் இது பாடும், அப்படித் தள்ளினால் அது பாடும். எதை விற்க வேண்டுமோ, அதன் வால்யூமை ஒரு நூல் தூக்கி வைப்பேன். ஒரு நூல்தான், யாருக்கும் தெரியாது. கேட்கிறவர் நூற்றுக்கு நூறு, "இதுதான் தெளிவா கீது" என்று அதைத்தான் காட்டுவார். மனுஷக் காது அப்படி. சத்தம் கொஞ்சம் கூடினால் அதை இனிமை என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் இதைச் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்வதற்குத்தான் ஏழுமலையின் கதையை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடைக்கு வந்தார். கும்மிடிப்பூண்டியில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற கம்பெனியில் பெரிய சம்மட்டி மெஷினில் வேலை. அதற்கு முன்னால் பத்து வருஷம் பட்டணத்தில் அதே மாதிரி பட்டறை. சொந்த ஊர் ஆரணிக்குப் பக்கத்தில், நெல் விளைகிற குடும்பம். ஏறக்குறைய என் வயதுதான், ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டார். பேசினால் ரோட்டின் அந்தப் பக்கம் டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு உரக்கப் பேசுவார். சம்மட்டிப் பட்டறைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் என்பதால் நான் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

துண்டில் சுற்றி ஒரு பெரிய ரெக்கார்டு கொண்டுவந்திருந்தார். நாதஸ்வரக் கச்சேரி. அட்டையில் நாயனக்காரர் இருக்கிறார், இரண்டு பக்கமும் தவில்காரர்கள் இருக்கிறார்கள். ஓரத்தில் யாருடைய முழங்கையோ தெரிகிறது. ஏழுமலை அந்த முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

"இது எங்க அண்ணன், கோவிந்தன். தாளக்காரன்."

"முழங்கைதானே கீது?"

"தாளம் போடறவன் மூஞ்சிய எவன்ணா படம் புடிக்கிறான்? அறுப்பு நேரத்துல அருவாள போட்டுட்டு, தாளத்த தூக்கினு மேளக்காரங்க பின்னாடி ஓடுவான். எங்கப்பாவாண்ட ஒதை வாங்காத கல்யாண சீசனே கெடையாது. இந்த ரெக்கார்டு போட்ட மறு வருசமே மஞ்சக்காமாலைல பூட்டான். அட்டைல பேர் கூட போடல. ஆனா உள்ள அவன் தாளம் கீது. அது கேக்கணும். அதுக்கு ஒரு செட் குடு. ரொம்ப டப்பு இல்ல, பாத்துக்க."

கோவிந்தனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாதாம். இந்தத் தட்டு மட்டும்தான்.

தட்டைப் போட்டேன். முதலில் நாலு வாட்ஸ் செட். நாயனம் அருவி மாதிரி கொட்டியது. தவில் உருண்டது. ஜால்ரா மாதிரி இரண்டு சின்ன வெண்கலக் கிண்ணங்களை மோதுகிற அந்தத் தாளம் அதன் மேல் துல்லியமாக விழுந்துகொண்டிருந்தது. ஏழுமலை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நாயனம் வருது, தவில் வருது. தாளம் வர்லியே?"

சுவிட்சைத் தள்ளிப் பத்து வாட்ஸ் செட்டுக்குப் போனேன். ஒரு நூல் வித்தை சேர்த்துத்தான். அவர் உதட்டைப் பிதுக்கினார். கூர்மையான சத்தத்தைத் தூக்குகிற டிரபிள் குமிழை முழுக்கத் திருகினேன். ஊசி உரசுகிற சத்தம்கூடக் கிர்ரென்று வந்தது. எனக்குப் பல் கூசியது. டீக்கடைக்காரர், "யோவ் ரேடியோ! பேஜாரு பண்ணாத! பால் திரிஞ்சிரும் போல கீது!" என்று கத்தினார்.

ஏழுமலையின் முகம் மலர்ந்தது. "ஆங், இப்பதான் லேசா எட்டிப் பாக்குது. இத்தவிட பெருசு இல்லியா?"

ஒரு மனுஷன், எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிற சத்தத்தைத் தேடித் தேடி எடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு. ஆசைப்படுகிறார், பெரிய செட்டாகத் தள்ளிவிடலாம் என்று யோசித்தேன்.

"இங்க லாரி சத்தம் நைனா. ஊட்ல வெச்சி கேட்டு பாரு, தாளம் மணி மணியா வரும். வர்லன்னா கடைய சாத்திட்டு நான் மாடு மேய்க்கப் போறேன்" என்றேன். பத்து வாட்ஸ் செட்டோடும் ஒரு பழைய பிளேயரோடும் அவர் போனார்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். தாளம் வரவில்லையாம். வீட்டில் மனைவியிடமும் கேட்டாராம், அவளுக்கும் கேட்கவில்லையாம். எனக்குச் சுருக்கென்றது. ஒருவர் சொன்னால் காதின் குறை என்று சொல்லலாம், இரண்டு பேர் சொன்னால் பெட்டியின் குறை. கூர்மையான சத்தத்துக்கென்றே ஒரு சின்ன ஸ்பீக்கர், டிவீட்டர் என்பார்கள், அதை வாங்கிப் பொருத்திக்கொள்ளச் சொன்னேன். அதிலும் வராவிட்டால் முப்பது வாட்ஸ் செட் செய்து தருவதாகவும் சொன்னேன். வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் மறுபடி வந்து நின்றார். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"தூங்கறதில்லியா?"

"ஓ.டி. பாக்கறேன்ணா. இந்த டிவீட்டருக்கு ஒரு மாசம் பாத்தேன். முப்பது வாட்ஸ்னு சொன்னியே, அதுக்கு இன்னும் நாலு மாசம் பாத்தா ஆச்சி. சம்மட்டிகிட்ட ரெண்டு சிப்ட் நிக்கறதுக்கு ஆள் கெடைக்காம போர்மேன் என்னத்தான் கூப்புடறாரு."

இதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. அதற்குள் டீக்கடையில் என் பேர் கெட ஆரம்பித்திருந்தது. "தாளம் வராத ஆம்ப்ளிஃபயர் இங்க கெடைக்கும்" என்று ஒருத்தன் பாட்டாகவே பாடுகிறான். எனக்கு ரோஷம். "ஞாயித்துக்கெழம உன் ஊட்டுக்கே வரேன். அங்க வெச்சே பாத்துடலாம்" என்றேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று. பத்தடி அறை, சுண்ணாம்பு பெயர்ந்த சுவர். நான் போனபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ஏழுமலையின் மனைவி மங்கா சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் பழவேற்காடு ஏரிக்கரைப் பெண், மீன்பிடிக் குடும்பம். படகில் இருக்கிறவர்களைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகின குரல். அந்த வீட்டில் அந்தக் குரல்தான் செல்லும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

செட்டைத் திறந்தேன், மூடினேன். ஒயரை மாற்றினேன். புது ஊசி போட்டேன். தட்டை வைத்து, கண்ணை மூடிக் கேட்டேன். தாளம் இருக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து வேறு ஏதோ ஒரு கிரீச்சலும் விடாமல் இருக்கிறது. கரண்டு சத்தமா, ஸ்பீக்கர் கிழிசலா என்று பெட்டியை அணைத்தேன். கிரீச்சல் நிற்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் சுவர் வெடிப்பில் ஒரு சுவர்க்கோழிப் பூச்சி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. காதில் துரப்பணம் போடுகிற மாதிரி கத்தல்.

"ஏழுமல, மொதல்ல அந்த சுவர்க்கோழிய புடிச்சி வெளிய போடு. அது வாய மூடுனாதான் எதுவும் கேக்கும்."

அவர் சிரித்தார். "எந்த சுவர்க்கோழி?"

"தோ, கத்துதே."

"நம்ம ஊட்ல சுவர்க்கோழியே கெடையாதுணா. ஆரணில படுத்தா தூங்க உடாது. இந்த ஊடு எம்மாம் அமைதி பாரு."

சுவர்க்கோழி கத்திக்கொண்டே இருந்தது. நான் மங்காவைப் பார்த்தேன். அவள் சொம்பைப் பார்த்தாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பத்து வருஷமும் அதற்கு மேலும் இரும்பை அடிக்கிற சத்தத்தில் நின்ற காது. அப்படிப்பட்ட காதில் முதலில் செத்துப்போவது மெல்லிய, கூர்மையான சத்தங்கள்தான். பேச்சு கேட்கும், தவில் கேட்கும், நாயனம் முக்கால்வாசி கேட்கும். சுவர்க்கோழி கேட்காது. தாளம் கேட்காது. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. நான் விற்ற ஒவ்வொரு சாமானுக்கும் அவர் அந்தச் சம்மட்டிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சிப்ட் நின்றிருக்கிறார். அண்ணனின் தாளத்தைக் கேட்பதற்காக, அதைக் கேட்க வேண்டிய காதை அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கச் சொன்னவன் நான்.

"கொஞ்சம் தண்ணி வேணும்" என்று மங்காவோடு பின்கட்டுக்குப் போனேன்.

"உனக்கு தாளம் கேக்குதாம்மா?"

"கேக்குதுணா." அவள் குரல் முதல்தடவையாகத் தணிந்து வந்தது. "மொத நாளே கேட்டுச்சி. நல்லா கேட்டுச்சி."

"அப்ப ஏன் கேக்கலன்னு சொன்ன?"

"அவரு அம்மாம் ஆசையா பொட்டியாண்ட குந்திக்கினு, 'உனக்கு கேக்குதாடி'ன்றாரு. கேக்குதுன்னு சொன்னா, அவருக்கு மட்டுந்தான் கேக்கலன்னு ஆயிடாதா? ரெண்டு பேருக்கும் கேக்கலன்னா பொட்டி கோளாறு. பொட்டிய ரிப்பேரு பண்ணிக்கலாம்ல?"

அவள் மொண்டு கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

"சொல்லிடாதணா" என்றாள். "காது போச்சின்னு கம்பெனிக்கு தெரிஞ்சா வேலைய உட்டு தூக்கிட்டா இன்னா பண்றது? இன்னும் கொஞ்ச நாளு பொட்டியே கெட்டுப் போனதா இருக்கட்டும்."

உள்ளே வந்தேன். ஏழுமலை டிரபிள் குமிழைப் பிடித்துக்கொண்டு, "முப்பது வாட்ஸ்ல வந்துரும் இல்லணா?" என்று கேட்டார். வரும் என்று சொன்னால் நாலு மாதம் ஓ.டி. வராது என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. இவ்வளவு பெருமை பேசுகிறவன் அன்றைக்குக் கோழையாக நின்றேன். "செட்ட கடைக்கு எடுத்துனு போய் பாக்கறேன். ஒரு வாரம் டைம் குடு. அதுவரைக்கும் ஓ.டி. பாக்காத, செலவு இல்லாம முடிச்சிடலாம்" என்று சொல்லி, செட்டையும் தட்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க ராத்திரியில் கடை சாத்தின பிறகு தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். என் காதுக்குத் தாளம் அப்படி விழுகிறது, ஒவ்வொரு அடியும் ஒரு குத்து. கோவிந்தனை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் இவ்வளவு சுலபமாக எனக்குக் கிடைக்கிற மனுஷன், கூடப் பிறந்தவனுக்குக் கிடைக்கவில்லையே என்று ஏக்கமாக இருந்தது.

வியாழக்கிழமை ஒருவர் ரிப்பேருக்கு ஒரு பிளேயர் கொண்டுவந்தார். உள்ளே ரப்பர் சக்கரம் தேய்ந்து, தட்டு வைக்கிற மேடை மெதுவாகச் சுற்றியது. சோதிப்பதற்குக் கைக்குக் கிடைத்த தட்டைப் போட்டேன். அது கோவிந்தனின் தட்டு. நாயனம் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகியது. தவில் பீப்பாயை உருட்டுகிற மாதிரி. தாளம் மட்டும், தம்பிகளா, தாளம் மட்டும் கனத்துப் போய், கோயில் மணி மாதிரி இறங்கி விழுந்தது.

சோல்டர் கோலை அப்படியே வைத்துவிட்டேன். தட்டு மெதுவாகச் சுற்றினால் எல்லாச் சத்தமும் கீழே இறங்குகிறது. ஏழுமலையின் காதில் மேல்படிதானே இடிந்திருக்கிறது? கீழ்ப்படிகள் அப்படியே இருக்கின்றனவே? எல்லா பிளேயரிலும் வேகத்தை மாற்றுகிற ஒரு கம்பி இருக்கும். எழுபத்தெட்டு, நாற்பத்தைந்து, முப்பத்துமூன்று, பதினாறு. அந்தப் பதினாறை நம் ஊரில் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை, அதில் ஓடுகிற தட்டே இங்கே வந்ததில்லை. எதற்கு வைத்திருக்கிறான் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். முப்பத்துமூன்றில் ஓட வேண்டிய தட்டைப் பதினாறில் வைத்தால் எல்லாமே சரிபாதி இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். இந்தத் தடவை முதலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வித்தையைக் காட்டிவிட்டு உண்மையை மறைத்தால், அவர் சந்தோஷமாகத் திரும்பிப் போய் அதே சம்மட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பார்.

"ஏழுமல, பொட்டில கோளாறு இல்ல. உன் காதுல கீது. சம்மட்டி அடிச்சி அடிச்சி காது மந்தமாயிட்சி. முப்பது வாட்ஸ் இல்ல, முந்நூறு வாட்ஸ் போட்டாலும் தாளம் வராது."

அவர் முகம் இரும்பு மாதிரி சிவந்தது. "விக்க தெரியாம வித்துட்டு, என் காதையா கொற சொல்ற? என் பொண்டாட்டிக்கும்தான் கேக்கல. அவளும் சம்மட்டி அடிக்கறாளா?"

மங்கா வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவளைப் பார்த்தார்.

"உனக்கு கேக்குதா?"

அவள் தலையாட்டினாள்.

"எத்தினி நாளா?"

அவர் செட்டை என் பக்கம் தள்ளினார். "எடுத்துனு போ. எனக்கு வேணாம்."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் செட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தள்ளின மாதிரி யாரும் தள்ளவில்லை. இருந்தாலும் தட்டை வைத்தேன். டிரபிளை நடுவில் நிறுத்தினேன், வால்யூமைக் கால்வாசியில். வேகக் கம்பியைப் பதினாறுக்குத் தள்ளி, ஊசியை இறக்கினேன்.

அறை முழுக்க ஒரு முனகல் எழுந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாடி மங்கா, ஊட்ல எரும கன்னு போடுதா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கழுத்து மெதுவாகத் திரும்பியது.

"மணி அடிக்கறா மாதிரி கீதே, இன்னாணா அது?"

"உங்க அண்ணன்தான்யா."

அவர் பெட்டிக்கு முன்னால் வந்து மண்டிபோட்டு உட்கார்ந்தார். மணி விழுந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் கழித்து அடுத்தது விழுந்தது. அவருடைய வலது கை தொடையைத் தேடிப் போய்த் தட்ட ஆரம்பித்தது. தாளத்தோடு சரியாகத் தட்டினார். பிசகே இல்லை. மங்கா அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பொட்டி நல்லாதான் கீது" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு, "நாளைக்கி போர்மேனாண்ட சொல்றேன். சம்மட்டிகிட்ட வேணாம், ஸ்டோர்ல போடுன்னு கேக்கறேன். சம்பளம் கொறைஞ்சா கொறைஞ்சிக்கினு போவுது."

அவர் கேட்டார். கொடுத்தார்கள். சம்பளம் குறைந்தது. டிவீட்டரைக் கழற்றிக்கொண்டேன். பத்து வாட்ஸை வாங்கிக்கொண்டு, முதல் நாள் கேட்ட நாலு வாட்ஸ் செட்டையே கொடுத்து மிச்சத்தைத் திருப்பித் தந்தேன். பதினாறில் ஓடுகிற தட்டுக்கு, பத்தடி அறைக்கு, அதுவே தாராளம். சுவிட்சையும் அந்த ஒரு நூல் வித்தையையும் அந்த மாதமே கடையிலிருந்து எடுத்துவிட்டேன். வருகிறவர் தனக்குப் பிடித்த தட்டைத் தானே கொண்டுவந்து, தானே குமிழைத் திருகிக் கேட்கட்டும் என்று வைத்தேன். அவர் குமிழை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். பெட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, ஆளைப் பற்றிச் சொல்லும். யாராவது டிரபிளைக் கோடிக்குத் தள்ளினால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள். செட் விற்காமல் போகலாம், போகட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்குச் சாயங்காலத்தைப் பற்றி. அது இன்னும் முடியவில்லை.

தட்டின் பாதிக்கு மேல் போயிருக்கும். ஏழுமலை சட்டென்று கையைத் தூக்கினார்.

"தோ! தோ! உட்டான் பாரு!"

"எத்த?"

"தாளத்த! ஒரு அடி பிந்திட்டான். இத்துக்குத்தான்ணா நாயனக்காரரு கல்யாணத்துக்கு கல்யாணம் திட்டுவாரு. தவில்காரன் நல்லா வாசிச்சா இவன் வாயப் பொளந்து பாத்துக்கினு நிப்பான், தாளம் பூடும். ரெக்கார்டுலயும் நின்னுட்டு கீறான் பாரேன்!"

நான் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். உண்மைதான். ஒரே ஒரு அடி, ஒரு கணம் தயங்கி விழுகிறது. அந்த வாரம் அந்தத் தட்டை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். மங்கா மாதக்கணக்கில் கேட்டிருக்கிறாள். நல்ல காது வைத்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது பிடிபடவே இல்லை. ரெக்கார்டு போட்ட கம்பெனிக்காரனுக்கும் பிடிபட்டிருக்காது.

ஏழுமலை சிரித்தார். கண்ணில் தண்ணீர் இறங்கி மீசையில் தங்கியது, அதைத் துடைக்கவில்லை. அட்டையில் முகம் இல்லாத, பேர் இல்லாத அந்த மனுஷன், வாயைப் பிளந்துகொண்டு தவில்காரரைப் பார்த்து நிற்பது எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த செட்டுகளுக்குக் கணக்கில்லை. விலை உயர்ந்தது எல்லாம் கேட்டுவிட்டேன். ஆனால் என் பெட்டிக்கு முன்னால் ஒருவர் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. இன்னும் ஒருதடவை பார்க்க மாட்டேனா என்றிருக்கிறது.

"அந்த எடத்த இன்னொரு தபா வைணா" என்றார்.

வைத்தேன். ஒரு கணம் தயங்கி, அந்த அடி விழுந்தது.

"இன்னொரு தபா."